சர்க்கரை சென்சார் அலாரம்: அடிக்காதபோதும், பொய்யாக அடிக்கும்போதும் என்ன செய்வது

கையில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் திசுநீரில் உள்ள சர்க்கரையை அளந்து ப்ளூடூத் வழியாக செல்போனுக்கு அனுப்புகிறது. போனில் உள்ள ஆப், நீங்கள் வைத்த எல்லையோடு அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து அலாரம் அடிக்கிறது. சென்சார், ப்ளூடூத், ஆப், ஸ்பீக்கர், கடைசியாக அதைக் கேட்கும் காது என ஐந்தும் ஒழுங்காக இருந்தால்தான் அலாரம் பயன்படும். ஒன்று விட்டுப்போனாலும் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து சுகர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கீழே தொல்லையை வைத்துப் பிரித்திருக்கிறோம். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போகலாம். எண்கள் எல்லாம் மி.கி./டெசிலிட்டர் கணக்கு. லோ என்றால் சுகர் எல்லைக்குக் கீழே இறங்குவது, ஹை என்றால் எல்லைக்கு மேலே ஏறுவது. லிப்ரே, டெக்ஸ்காம் இரண்டையும்தான் அதிகம் சொல்கிறோம். மற்ற கம்பெனி சென்சார்களுக்கும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

லோ அலாரம் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது

செட்டிங் எல்லாம் அப்புறம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் என்று ஏதாவது இருந்தால் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் 15 கிராம் சர்க்கரை உள்ளே போகட்டும். குளுக்கோஸ் பவுடர் என்றால் குவித்த 3 தேக்கரண்டி, வீட்டுச் சர்க்கரை என்றால் மட்டமாக 4 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். 150 மில்லி கூல்டிரிங்கும் சரிதான், டயட் வகையாக இருக்கக் கூடாது. சாக்லேட், பால்கோவா, லட்டு வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி.

உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சென்சார் லோ என்கிறது என்றால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் கைவசம் இல்லையென்றால் லோ என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுத்துவிடுங்கள். தேவையில்லாமல் 15 கிராம் சாப்பிட்டால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். உண்மையான லோவை விட்டுவிட்டால் ஆளே மயங்கிவிடலாம்.

மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தேனையும் தடவாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டில் சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்து போடத் தெரிந்திருந்தால் போடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுகர் இறங்கியது, ஆனால் அலாரம் அடிக்கவே இல்லை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் உங்கள் சென்சாருக்கு அலாரம் உண்டா என்று பாருங்கள். முதல் தலைமுறை லிப்ரே சென்சாரில் அலாரமே கிடையாது. போனையோ கம்பெனி தரும் ரீடர் கருவியையோ பக்கத்தில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். லிப்ரே 2-இலிருந்துதான் அலாரம் வந்தது. மருந்துக்கடையில் "லிப்ரே கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, சென்சாரை எதில் தொடங்கினீர்கள்? லிப்ரே 2-ஐ ரீடரில் தொடங்கிவிட்டுப் போனிலும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் எண்கள் இரண்டிலும் தெரியும், அலாரம் ரீடரில் மட்டும்தான் வரும். போனை நம்பி ரீடரைப் பீரோவுக்குள் வைத்திருந்தால் அலாரம் உள்ளேயே அடித்து ஓய்ந்துவிடும். போனில்தான் அலாரம் வேண்டும் என்றால் அடுத்த சென்சாரைப் போனில் தொடங்குங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் சந்தேகம் போன் மேல்தான். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, செல்போன் செட்டிங்கால் சர்க்கரைக் கருவிகளின் எச்சரிக்கை தவறிப்போவதைப் பற்றித் தனியாகவே ஓர் அறிவிப்பு விட்டது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. நோட்டிஃபிகேஷன் அனுமதி. போன் செட்டிங்கில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் சென்சார் ஆப்பைத் திறந்து நோட்டிஃபிகேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் "கிரிட்டிக்கல் அலர்ட்ஸ்" என்று தனியாக ஒன்று உண்டு, அதுவும் ஆனில் இருக்க வேண்டும். போன் சைலண்டில் இருந்தாலும் சத்தம் வர வைப்பது அதுதான்.

2. டு நாட் டிஸ்டர்ப். ஆண்ட்ராய்டில் இந்த நிலையைத் தாண்டி அடிக்க ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். லிப்ரே ஆப்பில் ஒவ்வோர் அலாரத்துக்குள்ளும் இதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது; லோவுக்குப் போட்டுவிட்டு ஹைக்குப் போடாமல் விட்டிருப்பார்கள். இரவு 10 மணிக்குத் தானாகப் போன் அமைதியாகும்படி பெட்டைம் மோட் வைத்திருந்தால், சரியாக அலாரம் தேவைப்படும் நேரத்தில் அது வாயை மூடிவிடும்.

3. பேட்டரி சேமிப்பு. ஷாவ்மி, ரியல்மி, விவோ, ஓப்போ போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தயவு தாட்சண்யமில்லாமல் நிறுத்தும். ஆப் தகவலில் பேட்டரி பகுதிக்குப் போய் "அன்ரெஸ்ட்ரிக்டட்" அல்லது "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று மாற்றுங்கள். "ஆட்டோஸ்டார்ட்" என்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் "ஸ்லீப்பிங் ஆப்ஸ்", "டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்" பட்டியல்களில் சென்சார் ஆப் போய் உட்கார்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. விரலால் தள்ளி மூடுவது. சமீபத்திய ஆப்கள் வரும் திரையில் எல்லாவற்றையும் மேலே தள்ளித் துடைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. சென்சார் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அலாரம் வரும், அதை மூடக் கூடாது. அதே திரையில் ஆப்பைப் பூட்டி வைக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. ராம் சுத்தம் செய்கிறேன் என்று வரும் க்ளீனர் ஆப்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் சென்சார் ஆப்பை ஒருமுறை திறந்து எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள்.

5. ப்ளூடூத் ஹெட்செட். இயர்பட்ஸ், கார் ஸ்டீரியோ, டிவி ஸ்பீக்கர் ஏதாவது இணைந்திருந்தால் சில போன்களில் அலாரச் சத்தம் அதற்குள் போய்விடும். காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்த இயர்பட்ஸ் இணைப்பில் இருந்தால் அலாரம் மேசைக்குத்தான் கேட்கும். போனுக்குப் போன் இது மாறுவதால் உங்கள் போனில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

6. போன் அப்டேட். ஆண்ட்ராய்டோ ஐபோனோ புதிய பதிப்புக்கு மாறியதும் அனுமதிகள் பழைய நிலைக்குப் போயிருக்கலாம், ஆப் அந்தப் பதிப்பில் ஓடாமலும் போகலாம். தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஆப் கம்பெனியின் பொருந்தும் போன்கள் பட்டியலில் புதிய பதிப்பு வந்த பிறகு அப்டேட் செய்யுங்கள். நான்கு நாள் தாமதமாக அப்டேட் செய்வதால் போனுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் சரிசெய்த பிறகு சோதிக்காமல் விடாதீர்கள். சோதிப்பது எளிது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, சுகர் 140-க்கு மேல் இருக்கும்போது, ஹை அலாரத்தின் எல்லையை 120-க்கு இறக்குங்கள். பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்காம் ஜி7-இல் முதல் அலாரத்தைத் தாமதிக்கும் வசதி போட்டிருந்தால் அதையும் அப்போதைக்கு எடுத்துவிடுங்கள். போனைப் பூட்டி, ராத்திரி எப்படி வைப்பீர்களோ அப்படியே சைலண்டில் போட்டுப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். சில நிமிடத்தில் அடிக்க வேண்டும். அடித்தாலும் கேட்கவில்லையென்றால் அதுவும் தோல்விதான். இயர்பட்ஸை இணைத்து இதையே இன்னொரு முறை செய்யுங்கள். முடிந்ததும் எல்லையைப் பழையபடி மாற்றுங்கள். இதில் ஹை அலாரம் மட்டும்தான் சோதனையாகிறது. லோ அலாரத்துக்கு உள்ள ஒலி, சைலண்டைத் தாண்டும் ஸ்விட்ச் இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வயதானவர்களுக்கு உச்சஸ்தாயியில் கீச்சிடும் ஒலி சரியாகக் கேட்காது. அடித்தொண்டையில் ஒலிக்கும் டோனைத் தேர்ந்தெடுங்கள். தலையணைக்கு அடியில் போனை வைத்தால் சத்தம் அமுங்கிவிடும். வைப்ரேஷனோடு ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் போனை வைத்தால் தட்டு கடகடத்து எழுப்பிவிடும். தட்டு போதும், சொம்புக்குள்ளோ டம்ளருக்குள்ளோ போடாதீர்கள். சுற்றி உலோகம் இருந்தால் ப்ளூடூத் தடைபடும்.

போனில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அலாரம் வரவில்லை என்றால் சென்சாரே ஏமாந்திருக்கலாம். சில மருந்துகள் சென்சார் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். உண்மையில் 62 இருக்க, சென்சார் 85 காட்டினால் அலாரம் எப்படி அடிக்கும்? லிப்ரே 2 பயன்படுத்துபவர்கள் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் இது நடக்கலாம். சளிக்கு மெல்லும் சி மாத்திரை ஒன்றே 500 மில்லிகிராம் இருக்கும், இரண்டு மென்றால் வரம்பைத் தாண்டியாயிற்று. டெக்ஸ்காம் ஜி6, ஜி7-க்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து ஆகாது. பாரசிட்டமால் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பரவாயில்லை. மெட்ட்ரானிக் கார்டியன் 3 சென்சாருக்கு பாரசிட்டமாலே எண்ணை உயர்த்திக் காட்டும். அப்படிப்பட்ட நாட்களில் விரல் சோதனையை நம்புங்கள்.

"சிக்னல் இல்லை" என்று அடிக்கடி வருகிறது

இதைத் தொல்லை என்று நினைத்து அணைப்பவர்கள் அதிகம். தயவுசெய்து அணைக்காதீர்கள். 20 நிமிடமாக சென்சாரிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொல்வது இந்த அலாரம்தான். இணைப்பு இல்லாத நேரத்தில் லோ அலாரமும் வராது, ஹை அலாரமும் வராது.

ப்ளூடூத் எட்டும் தூரம் தடையில்லாத இடத்தில் லிப்ரே 2-க்கும் டெக்ஸ்காம் ஜி6-க்கும் சுமார் 6 மீட்டர், லிப்ரே 3-க்கும் ஜி7-க்கும் சுமார் 10 மீட்டர். கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் இது வெகுவாகக் குறையும். மனித உடம்பும் ஒரு தடைதான். இடது கையில் சென்சார், இடது பக்கமாகப் படுத்திருக்கிறார், போன் அவருக்கு வலது பக்கம் ஜன்னலோரம் சார்ஜில் என்றால் சிக்னல் உடம்பைக் கடந்து போக வேண்டும். போனை சென்சார் இருக்கும் பக்கம் மாற்றினாலே பல வீடுகளில் ராத்திரித் தொல்லை தீர்ந்துவிடும்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் ப்ளூடூத்தை ஆஃப் செய்து 30 விநாடி கழித்து ஆன் செய்யுங்கள். பிறகு போனை ரீஸ்டார்ட் செய்து ஆப்பைத் திறங்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் சென்சாரையே இழக்க நேரலாம். ஒரு மணி நேரம் ஆகியும் இணைப்பு வராவிட்டால் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சென்சாரின் சீரியல் எண்ணைக் கேட்பார்கள். ஆகவே பெட்டியைச் சென்சார் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். இணைப்பு திரும்பும்வரை விரலில் குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும், படுக்கப் போகும் முன் கட்டாயமாக.

நடுராத்திரி லோ அடிக்கிறது, எழுப்பிப் பார்த்தால் ஆள் நன்றாக இருக்கிறார்

பெரும்பாலும் இது அழுத்தத்தால் வரும் பொய் லோ. சென்சார் இருக்கும் கையின் மேலேயே படுத்தால் அந்த இடத்தில் திசுநீர் ஓட்டம் குறைந்து, எண் கீழே விழும். வரைபடத்தில் பார்த்தால் தெரியும்: 120-இல் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு செங்குத்தாக 55-க்கு விழுந்திருக்கும்; புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் 115-க்குத் திரும்பியிருக்கும். உண்மையான லோ பொதுவாக இப்படி வெட்டினாற்போல் விழாது, சரிந்து இறங்கும். சர்க்கரை சாப்பிடாமல் இவ்வளவு சீக்கிரம் ஏறுவதும் அபூர்வம்.

இருந்தாலும் ராத்திரி 2 மணிக்கு வரைபடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புரண்டு படுக்கச் சொல்லிவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். மீட்டரில் 100-க்கு மேல் இருந்தால் சர்க்கரை கொடுக்க வேண்டாம். "இது எப்போதும் வர்ற பொய் அலாரம்தான்" என்று அணைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையானது வரும் ராத்திரியிலும் அதையேதான் செய்வோம்.

அடுத்த சென்சாரை எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பாரோ அதற்கு எதிர்க் கையில், மேல்கையின் பின்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் புரள்பவராக இருந்தால் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒட்டிப் பார்க்கலாம்.

சர்க்கரை சாப்பிட்டாயிற்று, ஆனால் அலாரம் நிற்கவில்லை

ரத்தத்தில் ஏறிய சர்க்கரை திசுநீருக்கு வந்துசேர 5 முதல் 10 நிமிடம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். ஆகவே ரத்தத்தில் 85-க்கு ஏறிய பிறகும் சென்சார் 61 என்று காட்டி அடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பதற்றத்தில் மறுபடி மறுபடி குளுக்கோஸ் குடித்து, ஒரு மணி நேரத்தில் 280-இல் போய் நிற்பவர்கள் ஏராளம். லோவுக்குச் சர்க்கரை கொடுத்த பிறகு சென்சாரைப் பார்க்காதீர்கள், 15 நிமிடத்தில் விரலில்தான் பார்க்க வேண்டும்.

விரலிலும் ஏறவில்லையென்றால் மாத்திரைச் சீட்டை எடுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா? தனியாகவும், மற்ற மாத்திரைகளோடு கலந்தும் எழுதித் தருவார்கள். இவை வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பவை. அதனால் சர்க்கரைத் தண்ணீர் வேலை செய்யத் தாமதமாகும். குளுக்கோஸ் பவுடர் உடைய வேண்டியதில்லை, அப்படியே ஏறும். இந்த மாத்திரை எடுப்பவர்களின் தலைமாட்டில் இருக்க வேண்டியது குளுக்கோஸ்தான்.

கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு லோ ஒருமுறை சரியாகிப் பல மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு. எண் ஏறியதும் கொஞ்சம் சோறோ இட்லியோ சாப்பிட வையுங்கள். இரண்டாவது முறையும் இறங்கினால் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. சில கருவிகளில் ஒரு தாழ்நிலைக்கு அலாரத்தை ஒருமுறை தள்ளிவிட்டால், அதே தாழ்நிலை தொடரும்வரை மறுபடி அடிக்காமல் போகலாம். அலாரத்தை அணைத்த கையோடு சர்க்கரை சாப்பிட வேண்டும். "அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுந்திரிக்கலாம்" என்று படுத்தால் எழுப்ப இன்னொரு அலாரம் இருக்கும் என்று நம்ப முடியாது.

மீட்டர் ஒன்று சொல்கிறது, சென்சார் இன்னொன்று சொல்கிறது

இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. 80-க்குக் கீழே 20 மி.கி. வரையும், அதற்கு மேல் 20 சதவீதம் வரையும் வித்தியாசம் இருந்தால் சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் நடந்து வந்த உடனேயும் ஒப்பிடுவது வீண் வேலை. சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆப்பில் காட்டும் அம்புக்குறி கிடைமட்டமாக இருக்கும்போது ஒப்பிடுங்கள்.

மீட்டர் என்பதால் அது எப்போதும் சரி என்றும் இல்லை. மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் 250 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பா திறந்து எத்தனை நாளாயிற்று என்றும் பாருங்கள்.

ஒட்டிய முதல் 24 மணி நேரம் எந்தச் சென்சாரும் கொஞ்சம் தடுமாறும். லிப்ரேவுக்கு 60 நிமிடம், ஜி6-க்கு 2 மணி நேரம், ஜி7-க்கு 30 நிமிடம் வரை தயாராகும் நேரம். அதுவரை எண்ணும் இல்லை, அலாரமும் இல்லை. ஆகவே ராத்திரி படுக்கும் முன் புதுச் சென்சார் ஒட்டாதீர்கள். காலைக் குளியலுக்குப் பிறகு, கை நன்றாகக் காய்ந்ததும் ஒட்டினால் அந்தத் தடுமாற்ற நேரம் விழித்திருக்கும்போதே கழிந்துவிடும். எண்ணெய் தேய்த்த கையில் ஒட்டுப் பிடிக்காது. வாசனையில்லாத சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள்.

ஒட்டாமல் பெட்டியில் இருக்கும் சென்சாருக்கும் வெப்ப வரம்பு உண்டு. லிப்ரே 2-க்கு 4 முதல் 25 டிகிரி, டெக்ஸ்காமுக்கு 2 முதல் 30 டிகிரி. சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் அலமாரிக்குள்ளேயே இதைவிட அதிகம் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒட்டும் முன் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். கூரியரில் வரவழைப்பவர்கள் பெட்டி வெயிலில் கிடக்காமல் வாங்கிக்கொள்ளப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சென்சார் தொடர்ந்து 40, 50 குறைவாகவே காட்டினால் அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனியில் மாற்றுக் கேளுங்கள். தயாரிப்பிலேயே கோளாறு இருக்க வாய்ப்புண்டு. 2025 நவம்பரில் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி தவறாகக் குறைந்த அளவைக் காட்டுவதாக அவற்றைத் தயாரிக்கும் அபாட் நிறுவனமே அறிவித்தது. பொய்யான லோவில் ஆபத்து என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணை நம்பி ஒருவர் சர்க்கரையை மேலும் மேலும் சாப்பிடுவார், போட வேண்டிய இன்சுலினைப் போடாமல் விடுவார். நாள்கணக்கில் இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

நாள் முழுக்க அடிக்கிறது, வெறுத்துப்போய் அணைத்துவிட்டோம்

குற்றம் எல்லையை வைத்த விதத்தில். புதிதாகச் சென்சார் போட்டவர்கள் ஆர்வத்தில் ஹை எல்லையை 180-இல் வைத்துவிடுகிறார்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்ட யாருக்கும் ஒரு மணி நேரத்தில் அது அடிக்கும். தினம் மூன்று வேளை அடிக்கும் அலாரத்தை நான்காம் நாள் காது ஒதுக்கிவிடும். ஹையை 250-இல் தொடங்குங்கள். இரண்டு வாரம் பார்த்து, நாளொன்றுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்காத அளவுக்கு 20, 20-ஆக இறக்குங்கள். இரவுக்குத் தனி எல்லை வைக்க முடிந்தால் வையுங்கள்.

லோவில் இந்தத் தாராளம் கூடாது. இன்சுலின் போடாத, கிளிமிபிரைட் போன்றவையும் எடுக்காத ஒருவருக்கு 70 போதும். இன்சுலின் போடுபவருக்கு ஒரு சின்னக் கணக்கு: சுகர் நிமிடத்துக்கு 2 மி.கி. வீதம் இறங்குகிறது, சென்சார் 10 நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்றால், சென்சார் 70 காட்டும்போது ரத்தத்தில் 50 இருக்கலாம். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும், அலாரம் கேட்டாலும் என்ன செய்வதென்று தோன்றாது. எல்லையை 80-இல் வைத்தால் இதே வேகத்தில் 60-இல் எழுப்பிவிடும். லோ வருவதே உடம்புக்குத் தெரியாதவர்கள், தனியாக இருப்பவர்கள், நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் 80-க்குக் கீழே இறக்க வேண்டாம். மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான். கர்ப்பிணிகளுக்கு இலக்கே 63 முதல் 140 என்பதால் அவர்களுக்கான எல்லைகள் தனி.

டெக்ஸ்காமில் 55-க்கான அவசர லோ அலாரத்தை மாற்ற முடியாது. அணைக்க முடியவில்லையே என்று கோபித்துக்கொண்டு ஆப்பையே மூடுபவர்கள் உண்டு. கோவிலிலோ கூட்டத்திலோ சத்தம் வேண்டாம் என்றால் ஜி7-இல் 6 மணி நேரம் வரை அமைதியாக்கும் வசதி இருக்கிறது, நேரம் முடிந்ததும் தானே பழையபடி ஆகிவிடும். ஆப்பை மூடினால் திறக்கும்வரை திரும்பாது.

ஹை அலாரம் விடாமல் அடிக்கிறது

அடிக்கும் ஒவ்வொரு முறையும் இன்சுலின் போடுவது லோவில்தான் கொண்டுபோய் விடும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக இன்சுலின் சுமார் 4 மணி நேரம் உடம்பில் இருக்கும், ரெகுலர் இன்சுலின் அதற்கும் மேல். முந்தைய ஊசி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதன் வேலை முடியாமல் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ராத்திரியில் இறக்கும். ஹை அலாரத்தில் மறுபடி அடிக்கும் இடைவெளியை 2 மணி நேரமாக வைத்தால் கை பரபரக்காது.

டைப் 1 உள்ளவருக்கு விரலிலும் 250-க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஏதாவது இருந்தால் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் சிறுநீரைப் பாருங்கள் (கீட்டோன் என்பது இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்). கீட்டோன் மிதமாகவோ அதிகமாகவோ காட்டினால் உடனே ஆஸ்பத்திரி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு சுகர் 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறலாம். அவர்களுக்கு ஹை அலாரம் இதைக் காட்டிக் கொடுக்காது, வாந்தியும் களைப்பும்தான் அறிகுறி.

அம்மாவுக்கு அடிக்கிறது, வெளியூரில் இருக்கும் மகனுக்கு வரவில்லை

மகன் போனுக்குப் போகும் எச்சரிக்கை அம்மாவின் போனிலிருந்து இணையம் வழியாகக் கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து அவருக்கு வர வேண்டும். அம்மா வீட்டில் கரண்ட் போய் வைஃபை நின்றிருக்கலாம், மொபைல் டேட்டா ஆஃபில் இருக்கலாம், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். சென்சாருக்கும் அம்மாவின் போனுக்கும் இடையே இணையம் தேவையில்லாததால் அங்கே மட்டும் அலாரம் அடிக்கும். வைஃபை இருந்தாலும் மொபைல் டேட்டாவை ஆனிலேயே விடுங்கள்.

மகன் போனில் பார்க்க வேண்டியவை: எண்ணைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் லிப்ரேலிங்க்அப் அல்லது டெக்ஸ்காம் ஃபாலோ ஆப்பின் எல்லைகள் தனி, அம்மா போனில் மாற்றினால் இங்கே மாறாது. மேலே சொன்ன நோட்டிஃபிகேஷன், டு நாட் டிஸ்டர்ப், பேட்டரி மூன்றும் இந்தப் போனுக்கும் பொருந்தும். "தகவல் வரவில்லை" என்ற எச்சரிக்கை இருந்தால் ஆன் செய்யுங்கள். அமெரிக்கா போன்ற வெளிநாட்டில் இருந்தால், இங்கே ராத்திரியாக இருக்கும்போது அங்கே அலுவலக நேரம். அவர் மீட்டிங்கில் போனை அமைதியாக்கும் நேரம்தான் அம்மா தூங்கும் நேரம்.

சர்வரே நிற்பதும் உண்டு. 2019 நவம்பர் இறுதியில் டெக்ஸ்காமின் ஃபாலோ சேவை முடங்கியது. பிள்ளைகளின் எண்ணைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் பலருக்குத் தகவல் வராமல் போனது. ஆகவே வெளியூர்ப் போனை இரண்டாவது காவலாக மட்டும் வையுங்கள். அலாரம் வந்து, அம்மா இரண்டு அழைப்புக்கு எடுக்காவிட்டால் போய்க் கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் எண் மகனிடம் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி அவரிடமும், குளுக்கோஸ் டப்பா இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்தும் இருக்கட்டும்.

தனி ரிசீவரில் சத்தம் வரவில்லை

போனுக்குப் பதில் கம்பெனி தரும் ரிசீவரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஸ்பீக்கர் பழுதாவது தெரிந்த பிரச்சினைதான். டெக்ஸ்காம் ரிசீவர்கள் 2016-இலும் 2025-இலும் இதற்காகவே திரும்பப் பெறப்பட்டன. ரிசீவரைச் சார்ஜில் போடும்போது ஒலியும் வைப்ரேஷனும் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். வைப்ரேஷன் மட்டும் வந்து சத்தம் இல்லையென்றால் அன்றே மாற்றுக் கேளுங்கள், வரும்வரை போனில் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.